செப்ஸிஸ் என்னும் ஆபத்தும் ஆஸ்பத்திரிச் சிகிச்சையின் சீர்திருத்தமும்

கூட்டுறவுச் சங்கத்து அங்கத்தினர்களுக்குத் தவணை என்ற சொல்லின் பொருளை விளக்கவேண்டுவதில்லை. தவணை தவறிய கடன் வட்டியால் வளர்ந்து, முதலில் சிறு தொகையாக இருந்தது பின்பு நிலத்தையே விழுங்கிவிடும். மனித உடலிலும் இவ்வாறு தவணை தவறினால் உயிரையே கொண்டுபோகும் ஆபத்து ஒன்று உண்டு. அதில் வட்டி ஏறுவது நாள் கணக்கில் அன்று, மணிக் கணக்கில். வைத்தியர்கள் அதற்குச் செப்ஸிஸ் என்று பெயரிட்டிருக்கிறார்கள். காலில் முள் தைத்துச் சீழ் வைத்த குடியானவரோ, பிரசவமான நான்காம் நாள் ஜுரம் கண்ட தாயோ திடீரென்று நிலை தவறி இறந்துபோகும்போது, "இரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது" என்று ஜனங்கள் சொல்வது பெரும்பாலும் இந்த நோயையே குறிக்கும்.

இதற்குரிய சிகிச்சையை ஆஸ்பத்திரிகள் எவ்வாறு திருத்திக்கொண்டு வந்திருக்கின்றன என்பது டாக்டர்கள் மட்டும் அறியவேண்டிய விஷயம் என்று நினைப்பது தவறு. அந்தச் சீர்திருத்தத்தில் பெரும்பகுதி விலையுயர்ந்த யந்திரங்களால் உண்டானதன்று. நேரத்தைக் குறித்துவைத்தல், செய்யவேண்டியதை வரிசையாகச் செய்தல், செய்ததைக் கணக்கில் எழுதித் தணிக்கைக்கு உட்படுத்துதல் ஆகிய பழக்கங்களால் உண்டானது. இவை நமது சங்கங்களுக்கு நன்கு பழகியவை.

நோயின் தன்மை

கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் புண், சுவாசப்பை, குடல், மூத்திரப் பாதை, பிரசவித்த கருப்பை முதலிய ஏதேனும் ஓரிடத்தில் புகுந்து பெருகும்போது, உடலின் காவற்படை அவற்றை எதிர்க்கிறது. ஜுரமும் வீக்கமும் அந்தப் போரின் அடையாளங்களே. பெரும்பாலும் உடல் வென்றுவிடும். சிற்சில சமயங்களில் அந்தக் காவலே வரம்பு கடந்து, தான் காக்கவேண்டிய அவயவங்களையே தாக்கத் தொடங்குகிறது. வேலியே பயிரை மேய்ந்த கதையாக, இரத்தக் குழாய்கள் தளர்ந்து கசிகின்றன. இரத்த அழுத்தம் இறங்குகிறது. மூத்திரக் காய், சுவாசப்பை, மூளை ஆகியவை ஒவ்வொன்றாக வேலை குன்றுகின்றன. இந்த நிலையே செப்ஸிஸ். அழுத்தம் மிகத் தாழ்ந்து, மருந்தினால் மட்டுமே அதைத் தாங்கவேண்டிய நிலை வந்தால் அது அதிர்ச்சி நிலை எனப்படும்.

இந்நோயின் அளவைக் குறித்து 2020-ம் வருஷத்தில் வெளியான உலகக் கணக்கு ஒன்று உண்டு. அதன்படி 2017-ம் வருஷத்தில் மட்டும் 4 கோடியே 89 லட்சம் பேருக்குச் செப்ஸிஸ் கண்டது. அவர்களில் 1 கோடியே 10 லட்சம் பேர் இறந்தனர். உலகில் நேர்ந்த மரணங்களில் ஐந்தில் ஒரு பங்கு இதனோடு சேர்ந்ததாகும். நோய் கண்டவர்களில் 100க்கு 85 பேர் ஏழை தேசங்களையும் நடுத்தர வருமானமுள்ள தேசங்களையும் சேர்ந்தவர்கள். ஏறக்குறையச் சரிபாதிப் பேர் குழந்தைகளும் சிறுவர்களும் ஆவர். 2017-ம் வருஷம் மே மாதத்தில் உலக சுகாதார ஸ்தாபனத்தின் மகாசபை, இந்நோயைத் தடுப்பதையும் கண்டறிவதையும் சிகிச்சையையும் சீர்படுத்தவேண்டும் என்று எல்லாத் தேசங்களையும் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றிற்று.

வியன்னா நகரத்துப் பாடம்

ஆஸ்பத்திரி தன் குற்றத்தைத் தானே கண்டறிந்த முதற் சரித்திரங்களில் ஒன்று வியன்னா நகரத்துப் பொது ஆஸ்பத்திரியில் நடந்தது. அங்கே இரண்டு பிரசவப் பகுதிகள் இருந்தன. முதற்பகுதியில் டாக்டர்களும் வைத்திய மாணவர்களும், இரண்டாவதில் மருத்துவச்சிகளும் பிரசவம் பார்த்தார்கள். 1846-ம் வருஷத்தில் முதற்பகுதியில் 100 தாய்மாரில் 11 பேருக்குமேல் பிரசவ ஜுரத்தால் இறந்தனர். இரண்டாவதில் 3 பேருக்கும் குறைவு. இக்னாஸ் ஸெம்மல்வைஸ் என்ற இளைய டாக்டர் இந்த வித்தியாசத்தின் காரணத்தைத் தேடினார். 1847-ல் அவருடைய நண்பராகிய ஒரு பேராசிரியர், பிரேத பரிசோதனையின்போது விரலில் கத்தி பட்டு, அதே ஜுரத்தின் குறிகளோடு இறந்தார். பிணத்தை அறுத்த கைகளோடு பிரசவ அறைக்குள் வருபவர்களே நோயைக் கொண்டுவருகிறார்கள் என்பது ஸெம்மல்வைஸுக்கு அப்பொழுது விளங்கிற்று.

குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கைகழுவிய பின்னரே உள்ளே வரவேண்டும் என்று அவர் உத்தரவிட்டார். 1847 ஏப்ரலில் 100க்கு 18ஆக இருந்த மரணம் ஜூன் மாதத்தில் 100க்கு 2 வீதமாகக் குறைந்தது. ஆயினும் பெரிய வைத்தியர்கள் பலர் அவர் சொல்லை ஏற்கவில்லை. அவர் 1865-ல் ஒரு பைத்திய ஆஸ்பத்திரியில், புண்ணில் விஷம் ஏறி, தாம் யாரைக் காக்கப் பாடுபட்டாரோ அவர்களைப் போலவே இறந்துபோனார். இதில் நாம் கவனிக்கத்தக்கது, அவர் இரண்டு பகுதிகளின் கணக்கையும் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்த்தார் என்பதே. கணக்கு இல்லாதிருந்தால் அந்தக் குற்றம் வெளிப்பட்டிராது.

யந்திரமா, நேரமா?

பிற்காலத்தில் ஆன்டிபயாடிக் மருந்துகள் வந்தன. இருந்தும், இருபதாம் நூற்றாண்டின் இறுதிவரை அதிர்ச்சி நிலையில் ஆஸ்பத்திரிக்கு வந்த செப்ஸிஸ் நோயாளிகள் பலர் மாண்டனர். 2001-ம் வருஷத்தில் அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்து டாக்டர்கள் ஒரு பரீக்ஷையின் பலனை வெளியிட்டார்கள். 263 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சையும், மற்றதற்கு வந்த முதல் 6 மணி நேரத்துக்குள் ஒரு திட்டப்படி தீவிர சிகிச்சையும் செய்தனர். மரணம் 100க்கு 46.5லிருந்து 30.5ஆகக் குறைந்தது. அந்தத் திட்டத்தில் பெரிய இரத்தக் குழாயில் விசேஷமான குழல் ஒன்றைச் செலுத்தி, பிராணவாயுவை இடைவிடாமல் அளப்பதும் அடங்கியிருந்தது.

பிறகு 2014, 2015 வருஷங்களில் அமெரிக்காவிலும், ஆஸ்திரேலியா நியூஸிலாந்து தேசங்களிலும், இங்கிலாந்திலும் நாலாயிரத்துக்குமேற்பட்ட நோயாளிகளைக் கொண்டு இதே திட்டம் மீண்டும் சோதிக்கப்பட்டது. இரண்டு பிரிவுகளிலும் மரணம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. முதற் பரீக்ஷை வீண் என்பது இதற்குப் பொருளன்று. இடைப்பட்ட பதின்மூன்று வருஷங்களில் வழக்கமான சிகிச்சையே மாறிவிட்டது. நோயைச் சீக்கிரம் சந்தேகிப்பதும், முதல் மணிகளிலேயே மருந்து கொடுப்பதும் அங்கெல்லாம் வழக்கமாகிவிட்டன. அவை நடந்த இடத்தில் விசேஷக் குழலினால் மேலும் அதிக லாபம் கிட்டவில்லை. பொருள் குறைந்த ஆஸ்பத்திரிகளுக்கு இது நற்செய்தி.

நியூயார்க் மாகாணத்தின் தணிக்கை

2012-ம் வருஷத்தில் நியூயார்க் நகரில் ரோரி என்ற 12 வயதுச் சிறுவன் பள்ளிக்கூடத்தில் பந்து விளையாடும்போது கையில் சிராய்ப்புப் பட்டான். மறுநாள் ஜுரமும் வாந்தியும் கண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டான். வயிற்றுக் கோளாறு என்று கருதி வீட்டுக்கு அனுப்பப்பட்டான். அவனுடைய இரத்தப் பரிசோதனையில் அபாயக் குறிகள் இருந்தன. ஆனால் அந்தத் தகவல் அவன் பெற்றோரை எட்டவில்லை. சில நாட்களில் அவன் செப்ஸிஸால் இறந்தான். பெற்றோர் இடைவிடாது முயன்றதன் பலனாக அந்த மாகாண அரசாங்கம் 2013-ல் புதிய விதிகளை ஏற்படுத்திற்று. அவை ரோரியின் விதிகள் என்றே வழங்குகின்றன.

அவ்விதிகளின்படி ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் செப்ஸிஸைக் கண்டறிவதற்கும் சிகிச்சை செய்வதற்கும் எழுத்து மூலமான திட்டம் வைத்திருக்கவேண்டும். செப்ஸிஸ் என்று தெரிந்த 3 மணி நேரத்துக்குள் மூன்று காரியங்கள் முடியவேண்டும். முதலாவது, கிருமியை வளர்த்துப் பார்ப்பதற்காக, மருந்து கொடுப்பதற்கு முன்பே இரத்தம் எடுத்தல். இரண்டாவது, இரத்தத்தில் லாக்டேட் என்னும் அமிலத்தின் அளவைப் பார்த்தல். அவயவங்களுக்கு இரத்தம் சரியாகப் போய்ச் சேரவில்லை என்பதை இது காட்டிக்கொடுக்கும். மூன்றாவது, பலவகைக் கிருமிகளையும் தாக்கவல்ல ஆன்டிபயாடிக் மருந்தைச் செலுத்துதல். எல்லாவற்றுக்கும் மேலாக, இவை எத்தனை மணிக்கு நடந்தன என்ற கணக்கை ஆஸ்பத்திரி அரசாங்கத்துக்கு அனுப்பவேண்டும்.

149 ஆஸ்பத்திரிகளில் 49,331 நோயாளிகளின் கணக்கு 2017-ம் வருஷத்தில் ஆராய்ந்து வெளியிடப்பட்டது. அவர்களில் 100க்கு 82 பேருக்குமேல் மூன்று காரியங்களும் 3 மணிக்குள் முடிந்திருந்தன. தாமதமான ஒவ்வொரு மணிக்கும் மரணத்தின் சாத்திய விகிதம் முன்னிருந்ததற்குமேல் 100க்கு 4 வீதம் கூடிற்று. நாம் முதலில் கூறிய வட்டி இதுவே.

நேரம் முக்கியம் என்பதற்காக ஜுரம் கண்டவர் எல்லாருக்கும் ஆன்டிபயாடிக் கொடுக்கலாகாது. வீணாகக் கொடுக்கும் மருந்து கிருமிகளுக்குப் பழகிப்போய், வேண்டிய வேளையில் பலிக்காமல் போகிறது. ஆகையால் 2021-ல் வெளியான சர்வதேச வழிகாட்டி, அதிர்ச்சி நிலையில் இருப்பவருக்கும் செப்ஸிஸ் என்பது பெரும்பாலும் நிச்சயமானவருக்கும் ஒரு மணிக்குள் மருந்து கொடுக்கவும், அதிர்ச்சி இல்லாமல் சந்தேகம் மட்டும் இருந்தால் விரைந்து பரிசோதித்து, சந்தேகம் நீங்காவிடில் 3 மணிக்குள் கொடுக்கவும் சொல்லுகிறது.

பிறர் திட்டத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

செல்வ தேசத்தில் நன்மை தந்தது எங்கும் நன்மை தரும் என்று எண்ணுவது பிழை. செப்ஸிஸ் நோயாளிக்கு இரத்தக் குழாய் வழியாக உப்பு நீரை விரைவாக ஏற்றுவது பல காலமாக முதற் சிகிச்சையாக இருந்துவருகிறது. கென்யா, உகாண்டா, தான்ஸானியா தேசங்களில் கடும் ஜுரத்தோடும் இரத்த ஓட்டக் குறைவோடும் வந்த 3,141 குழந்தைகளைக் கொண்டு இது சோதிக்கப்பட்டு, 2011-ல் பலன் வெளியாயிற்று. நீரை வேகமாக ஏற்றிய பிரிவுகளில் 48 மணி நேரத்துக்குள் 100க்கு 10.5 வீதத்துக்குக் குறையாமல் குழந்தைகள் இறந்தனர். அவ்வாறு ஏற்றாமல் மெதுவாகவே நீர் கொடுத்த பிரிவில் 100க்கு 7.3 வீதம் இறந்தனர். ஜாம்பியா தேசத்தில் லுஸாகா நகரத்து ஆஸ்பத்திரியில் பெரியவர்களுக்குச் செய்த சோதனையும் 2017-ல் இதையே காட்டிற்று. அங்கே திட்டப்படி அதிக நீர் ஏற்றப்பட்டவர்களில் 100க்கு 48 பேரும், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 100க்கு 33 பேரும் இறந்தனர்.

இந்த ஆஸ்பத்திரிகளில் செயற்கைச் சுவாச யந்திரங்கள் எளிதில் கிடைக்கவில்லை. நோயாளிகளில் பலர் இரத்தச் சோகை, மலேரியா, எய்ட்ஸ் முதலியவற்றால் முன்னரே நலிந்தவர்கள். ஆகவே நீர் ஏற்றினால், அதன் விளைவை அடிக்கடி பக்கத்தில் நின்று கவனிக்கவேண்டும். சுவாசம் கடினமானால் உடனே நிறுத்தவேண்டும். கரிசல் மண்ணுக்கும் மணல் மண்ணுக்கும் ஒரே அளவாகத் தண்ணீர் பாய்ச்சுவார் இல்லை.

மலாவியும் உகாண்டாவும் காட்டிய வழி

அப்படியானால் எளிய ஆஸ்பத்திரி என்ன செய்வது? இதற்குத் தெளிவான விடை மலாவி, உகாண்டா தேசங்களிலிருந்து 2025-ல் கிடைத்தது. அங்கே 59 ஆஸ்பத்திரிகளில், கருவுற்றவர்களும் பிரசவித்தவர்களுமாகிய 4 லட்சத்து 30 ஆயிரத்துக்குமேற்பட்ட பெண்களைக் கொண்டு ஒரு பெரிய பரீக்ஷை நடந்தது. சீட்டுக் குலுக்கும் முறையில் ஆஸ்பத்திரிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவில் மூன்று பழக்கங்களைக் கற்பித்து நிலைநிறுத்தினார்கள். வேண்டிய சமயத்தில் தவறாமல் கைகழுவுதல் ஒன்று. அறுவைச் சிகிச்சையின்போதும் பிரசவத்தின்போதும் கிருமி புகாமல் தடுத்து, புகுந்தால் உரிய சிகிச்சை செய்தல் இரண்டு. செப்ஸிஸைச் சீக்கிரம் கண்டு ஐந்து காரியங்களைச் செய்தல் மூன்று.

அந்த ஐந்தும் பின்வருமாறு:

1. அளவறிந்து நீர் ஏற்றுதல்.
2. ஆன்டிபயாடிக் மருந்து கொடுத்தல்.
3. கிருமி தங்கியிருக்கும் இடத்தைக் கண்டு, சீழை வெளியேற்றுதல் முதலானவற்றால் அதை அகற்றுதல்.
4. வேண்டுமானால் பெரிய ஆஸ்பத்திரிக்கோ தீவிர சிகிச்சைப் பகுதிக்கோ மாற்றுதல்.
5. நாடி, சுவாசம், அழுத்தம், மூத்திரம், அறிவுத் தெளிவு ஆகியவற்றை விடாமல் கவனித்துக் குறித்துவைத்தல்.

ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் தன் கணக்கைத் தானே பார்த்துக் குறைகளைத் திருத்திக்கொள்ளவும் ஏற்பாடு செய்யப்பட்டது. பழைய முறையில் நடந்த ஆஸ்பத்திரிகளில், கிருமி நோயால் மரணமோ கடும் தீங்கோ அடைந்த பெண்கள் 100க்கு 1.9 வீதம்; திருத்திய முறையில் நடந்தவற்றில் 1.4 வீதம். அதாவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தீங்கு குறைந்தது. ஸெம்மல்வைஸ் வியன்னாவில் தொடங்கிய கைகழுவும் வேலை, 178 வருஷங்களுக்குப் பின்னும் தாய்மாரைக் காக்கிறது.

வீட்டில் கவனிக்கவேண்டிய குறிகள்

ஆஸ்பத்திரியின் கடிகாரம் நோயாளி வாசலில் நுழையும்போதுதான் ஓடத் தொடங்குகிறது. நோயின் கடிகாரமோ வீட்டிலேயே ஓடத் தொடங்கிவிடுகிறது. முன்னதாக இழந்த நேரத்தை எந்த டாக்டராலும் மீட்டுத் தர இயலாது. ஆகையால் ஜுரமோ, புண்ணோ, சமீபத்தில் பிரசவமோ, அறுவைச் சிகிச்சையோ உள்ளவரிடம் பின்வரும் குறிகளில் ஏதேனும் கண்டால் விடியட்டும் என்று காத்திருத்தல் கூடாது.

1. பேச்சுக் குழறுதல், ஆளைத் தெரியாமை, எழுப்ப முடியாத தூக்கம்.
2. மூச்சு வாங்குதல். வயது வந்தவர் ஒரு நிமிஷத்தில் 22 தடவை அல்லது அதற்குமேல் சுவாசித்தால் அபாயம் என்று சந்தேகிக்கவேண்டும்.
3. நாள் முழுவதும் மூத்திரம் வெகு குறைவாகவோ, இல்லாமலோ போதல்.
4. கைகால் சில்லிட்டுப்போதல், தோல் திட்டுத் திட்டாக நிறம் மாறுதல், கடும் நடுக்கல்.
5. பச்சைக் குழந்தை பால் குடியாமை, துவண்டு கிடத்தல், உடல் குளிர்ந்துபோதல்.

முதியவர்களுக்கும் பச்சைக் குழந்தைகளுக்கும் ஜுரமே இல்லாமலும் இந்நோய் வரலாம். உடல் சூடாக இல்லை என்று ஆறுதல் அடைந்துவிடக்கூடாது.

சங்கங்கள் செய்யத்தக்கவை

முதலாவது, மேற்கண்ட குறிகளைப் பெரிய எழுத்தில் எழுதிச் சங்கக் கட்டடத்தின் சுவரில் ஒட்டி, பொதுக்கூட்டத்தில் படித்துக் காட்டலாம்.

இரண்டாவது, இரவு வேளையில் ஆஸ்பத்திரிக்குச் செல்ல வாகனம் யாரிடம் உண்டு, அவரை எவ்வாறு எழுப்புவது என்பதை முன்கூட்டியே நிச்சயித்து வைக்கவேண்டும். செலவுக்குச் சங்கத்தின் பொது நன்மை நிதியிலிருந்து உதவ நிர்வாகக் கமிட்டி தீர்மானிக்கலாம். பணத்துக்கு அலையும் நேரமே பல உயிர்களுக்கு எமனாகிறது.

மூன்றாவது, நோயாளியுடன் செல்பவர் ஒரு தாளில் நோய் எப்பொழுது ஆரம்பித்தது, கடைசியாக எப்பொழுது மூத்திரம் போயிற்று, என்ன மருந்துகள் கொடுக்கப்பட்டன, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பவற்றை எழுதிக்கொண்டு போகவேண்டும். ஆஸ்பத்திரியில் மரியாதையாக, ஆனால் தெளிவாக, "இது செப்ஸிஸாக இருக்கக்கூடுமோ?" என்று கேட்கவேண்டும். பரிசோதனைத் தகவல் வராமல் வீட்டுக்குப் போகச் சொன்னால், அது எப்பொழுது வரும், யார் சொல்லுவார் என்று கேட்டறிய வேண்டும். ரோரியின் பெற்றோருக்குக் கிடைக்காமற்போனது அந்த ஒரு தகவலே.

நான்காவது, பக்கத்திலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கைகழுவத் தண்ணீரும் சோப்பும் எப்பொழுதும் உண்டா என்று விசாரித்து, இல்லையெனில் உரிய அதிகாரிகளுக்கு எழுதவும், இயன்றால் உதவவும் வேண்டும்.

ஐந்தாவது, பிழைத்து வீடு திரும்பியவரைக் கைவிடலாகாது. பல மாதங்கள் பலவீனமும், மறதியும், மறுபடி நோய் காணும் பயமும் இருக்கும். ஒரு பருவ உழவு வேலைக்கு அக்கம் பக்கத்தார் கைகொடுப்பதும், சங்கக் கடனுக்கு விதிகளுக்கு உட்பட்டுத் தவணை நீட்டிப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதி என்றே கருதவேண்டும்.

கடைசியாக ஒன்று. சங்கத்தின் தணிக்கையாளர் ஏட்டைப் புரட்டும்போது நாம் கோபிப்பதில்லை. அவர் வருவதனால்தான் சங்கம் நிலைத்து நிற்கிறது. ஆஸ்பத்திரியில் நோயாளி வந்த மணி, மருந்து செலுத்திய மணி ஆகிய இரண்டையும் ஒரே ஏட்டில் எழுதி, மாதத்துக்கு ஒருமுறை டாக்டர்களும் நர்ஸுகளும் சேர்ந்து பார்த்தால், உயிர்கள் எங்கே தவறிப்போகின்றன என்பது அவர்களுக்கே தெரியவரும். நம் வீட்டில் குறி கண்ட மணியையும், நாம் புறப்பட்ட மணியையும் அந்த ஏட்டின் முதல் வரியாக நாமே எழுதத் தொடங்குவோமாக.